இடுப்பில் முடிந்து வைத்த ஏலக்காய்

சாயங்காலம் மணி அடித்ததும் நாங்கள் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோன்களில் உள்ள வழக்கம்தான் அது. முந்தானையை விரித்துக் காட்ட வேண்டும். மடியை உதற வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கவிழ்க்க வேண்டும். சேலை மடிப்பில் தெரியாமல் ஒட்டிக்கொண்ட காய் ஒன்றிரண்டு விழும். அதைப் பொறுக்கிக் குவியலில் போட்டுவிட்டு, பேச்சும் சிரிப்புமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவோம்.

அன்றைக்கு என் இடுப்பிலிருந்து எடுத்தது ஒட்டிக்கொண்ட காய் இல்லை. பழைய துணியில் முடிந்து, பாவாடை நாடாவில் சுற்றி நான் வைத்திருந்த காய். எதற்காக வைத்திருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போனவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் சின்ன வயதிலிருந்தே உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்சில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். அதெல்லாம் வீண் பயம் என்று எனக்கே தெரியும். ஆனால் ஒரு பயம் மட்டும் வீண் இல்லை. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், கனமாக எதையாவது தூக்கினால் எனக்கு மூத்திரம் கசிந்துவிடும். இதை இவ்வளவு நேராக எழுதப் பல நாள் ஆயிற்று. முதலில் "அந்தத் தொந்தரவு" என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. பையன் பெரிய பிள்ளை. ஒரு பகல் முழுக்க முக்கித்தான் பெற்றேன். முதலில் தும்மும்போது இரண்டு சொட்டு, அவ்வளவுதான். பிள்ளை பெற்ற உடம்பு, தேறினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. நான்காவது மாதமே ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டேன். அந்தப் பையன் வளர்ந்து இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். அத்தனை வருஷமும் அதை மூடியே வைத்திருந்தேன்.

மலையில் மூடுவது எளிது. ஏலக்காய், செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், தரையோடு தரையாகச் சரம் சரமாகக் காய்க்கும். குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் எடுக்க வேண்டும். தலைக்கு மேலே இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டாலும் மழைக்காலத்தில் எல்லோருடைய பாவாடையும் ஈரம்தான். எந்த ஈரம் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? மற்ற பெண்கள் மழையைத் திட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறுவார்கள். நான் போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இறங்கியிருந்தால் நிம்மதியாக ஏறுவேன். மார்ச், ஏப்ரல்தான் எனக்குக் கஷ்டகாலம்.

முழங்கால் வலி வந்த பிறகு குத்துக்காலிட முடியவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு மதினி குடோன் வேலையைப் பற்றிச் சொன்னார். சொந்தமெல்லாம் கிடையாது. மதினி, மதினி என்று கூப்பிட்டே மதினியாகிவிட்டவர்.

"எதுக்குத்தா இன்னும் மலையில கெடந்து அலையிற? எங்க குடோனுக்கு வா. உக்காந்த சோலி. நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

சொல்லியும் வைத்தார். குடோனில் எங்களை எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா உண்டு. ஐம்பத்தைந்து வயதிருக்கும், அவரை எல்லோரும் அக்கா என்போம். முதல் நாள் என்னை அவர் முன்னால் நிறுத்தி மதினி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க தெருப் பிள்ளைதான்க்கா. கைசுத்தம். நான் பொறுப்பு."

அந்தக் குடோனில் எல்லாமே காய்ந்தது. காய்ந்த காய், காய்ந்த சாக்கு, காய்ந்த சிமெண்டுத் தரை. ஈரம் பட்டால் காய் வெளுத்துப் போகும், விலை போகாது. அதனால் தண்ணீர் பாட்டிலைக்கூட வாசல் பக்கம்தான் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு குவியல் கொட்டுவார்கள். நிறம் குறையாத பெரிய காய் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், வெடித்ததும் வெளுத்ததும் ஒரு பக்கம் என்று கை பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே இருக்கும். அத்தனை காய்ந்த சாமான்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் ஈரம்.

பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நான்காக மடித்து வைத்துக்கொண்டு போவேன். காலையில் குடிக்கிற அரை டம்ளர் காப்பியோடு சரி. சாயங்காலம் வரை தண்ணீர் தொடமாட்டேன். வேலைக்கு உட்காரும் முன் ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்று வந்தாலும் வராவிட்டாலும் கக்கூசுக்குப் போய்வருவேன். சிரிப்பதை நிறுத்தினேன். குடோனில் சிரிக்காமல் இருப்பது லேசில்லை. அத்தனை பெண்கள் கையை ஓட்டிக்கொண்டு வாயை ஓட்டுகிற இடம் அது. யாராவது புருஷன் குடித்துவிட்டு வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொல்வார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காயைப் பார்ப்பேன்.

"அவ ஏன்டி சிரிக்க மாட்டேங்கிறா?"

"வாயத் தொறந்தா காயி உள்ள போயிரும்னு பயம். மதினிகாரி பொறுப்புல வந்தவள்ல."

இப்படிப் பேசிக்கொள்வார்கள். அதற்கும் நான் சிரிப்பதில்லை.

ஆனாலும் எழுந்திருக்கும்போது கசியும். குவியல் முடிந்து அடுத்த சாக்கை இழுக்கும்போது கசியும். துணி ஈரமாகிவிட்டால் பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடாது. நாறுகிறதா, நாறுகிறதா என்று அதே நினைப்பு. பக்கத்தில் இருக்கிறவள் மூக்கைத் தேய்த்தால் என்னால்தான் தேய்க்கிறாள் என்று தோன்றும். யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. அப்போதுதான் ஏலக்காயை இடுப்பில் முடிந்துகொள்ளும் யோசனை வந்தது. தட்டிய காயைத் துணியில் முடிந்து நாடாவில் கட்டிக்கொண்டால் அந்த மணம் இந்த நாற்றத்தை மூடிவிடும் என்று நினைத்தேன்.

முதலில் கடையில் வாங்கிய காயைத்தான் வைத்தேன். இரண்டு நாளில் மணம் போய்விடும். திரும்ப வாங்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். பயம் தாங்கவில்லை. என் குவியலில் ஒதுக்கிப் போட்ட வெடித்த காயிலிருந்து ஐந்தாறு எடுத்து மடியில் போட்டு, கக்கூசில் வைத்து முடிந்துகொண்டேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நான் திருடவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த இடத்துக்கு வந்தால் கை நின்றுவிடுகிறது. வெடித்த காயும் முதலாளியின் காய்தானே.

அந்தச் சாயங்காலம் வரிசையில் என் முறை வந்தது. முந்தானையை உதறினேன். டப்பாவைக் கவிழ்த்தேன். செருப்புப் பக்கம் நகர்ந்தபோது அக்கா, "நில்லுத்தா" என்றார். நாடாவில் போட்டிருந்த கட்டுத் தளர்ந்து, சேலைக்கு மேலே ஒரு நுனி தெரிந்திருக்கிறது. அவர் இரண்டு விரலால் அதை இழுத்தார். முடிச்சு கையோடு வந்துவிட்டது. அவிழ்த்தார். பதினோரு காய்.

"என்னத்தா இது?"

எனக்குக் காயைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தத் துணியை அவர் மூக்குக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதுதான் நினைப்பு முழுக்க. கொண்டுபோனார். மோந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பின்னால் நின்ற மதினி முன்னால் வந்தார். "வேண்டுதலா இருக்கும்க்கா. ஏதாச்சும் சாமிக்கு முடிஞ்சிருப்பா. அப்படித்தானே? சொல்லுத்தா."

தலையை ஆட்டினால் போதும். ஆனால் சாமி பேரில் பொய் சொன்னால் இன்னும் என்ன ஆகுமோ என்று ஒரு பயம் குறுக்கே வந்தது. நிஜத்தைச் சொல்லவோ நாக்கு எழவில்லை. "டீயில தட்டிப் போட எடுத்தேன்" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "டீ போட்டது போட்ட, எங்களுக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாம்ல?"

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். நான் மதினியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குனிந்து தன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் தேவாரம் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். தெருவிலேயே விஷயம் அவர் காதுக்கு வந்துவிட்டது. "எடுத்தியா, இல்லையா?" என்று கேட்டார். "எடுத்தேன்" என்றேன். சோற்றைத் திரும்பத் திரும்பப் பிசைந்தார். பிறகு சாப்பிட்டார். அவரிடமும் நான் சொல்லவில்லை. பையன் பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றை அன்றைக்கு எப்படிச் சொல்வது?

எனக்கு வேலை போனதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன். மறுநாளிலிருந்து மதினியின் டப்பாவை மட்டும் தனியாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்களாம். இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்களாம். பெண்கள் அவருக்கு டீக்கடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டீக்கடை வந்துருச்சு, வழி விடுங்கடி." இதையெல்லாம் எனக்குச் சொன்னது தெருவில் இன்னொருத்தி, மதினி சொல்லவில்லை. மதினி என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். குழாயடியில் நான் போனால் தன் குடத்தைச் சற்று நகர்த்தி வைப்பார். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியாத ஒருத்திக்கு இடம் விடுவது போல இருக்கும். பத்து வருஷமாக அந்த இடத்தில் குடும்பக் கதை, சீரியல் கதை எல்லாம் பேசியவர்கள் நாங்கள்.

முழங்கால் வலியோடு மறுபடியும் ஜீப்பில் ஏறினேன். போடியிலிருந்து மேலே போகிற பாதை கொண்டை ஊசி வளைவுகளாகவே போகும். ஒரு ஜீப்பில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்வோம். வளைவு வரும் முன்பே நான் மூச்சைப் பிடித்து, அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு உட்கார்வேன். பல வருஷப் பழக்கம் அது. இறுக்கினால் நிற்கும் என்று நினைப்பு. ஆனால் வளைவு முடியும்போது ஈரமாகத்தான் இருக்கும்.

அந்த மழையில் நனைந்து ஒரு இருமல் பிடித்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் துணி மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சீட்டு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இருமும்போது யூரின் கசியுதாம்மா?" என்று கேட்டார்.

இருமலைப் பற்றிக் கேட்ட அதே குரலில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுதுவதை நிறுத்தினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். மூத்திரத்தைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். கிருமி ஒன்றும் இல்லை. "இதுக்கு உடனே ஆபரேஷன் அது இதுன்னு பயப்படாதீங்க. பிசியோதெரபி ரூமுக்குப் போங்க. பொம்பளப் பிள்ளைதான் இருக்கும்" என்று இன்னொரு சீட்டு கொடுத்தார்.

பிசியோதெரபி என்றால் கை கால் விழுந்தவர்களுக்கு என்றுதான் எனக்குத் தெரியும். அந்த அறை வாசலில் அரைமணி நேரம் நின்றேன். உள்ளே ஒரு பெரியவர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைப் பழக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நான் என்னவென்று சொல்வேன்? முதுகு வலி என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து உள்ளே போனேன். அங்கிருந்த பிள்ளைக்கு என் மூத்தவள் வயதுதான் இருக்கும். சீட்டைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கதவுள்ள சின்ன அறையில் உட்கார வைத்தது.

"அக்கா, இதுவும் கை கால் மாதிரி தசைதான். முன்னாடி எலும்புலேர்ந்து பின்னாடி வாலெலும்பு வரைக்கும் அடியில விரிஞ்சு கெடக்கு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, குடல் எல்லாத்தையும் அதுதான் தாங்குது. பிரசவத்துல தளந்து போச்சு. யாரும் அதப் பழக்கச் சொல்லித் தரல."

"சாக்கோட அடித்தையல் மாதிரியா?" என்று கேட்டேன்.

"அப்படியே வெச்சுக்கங்க" என்று சிரித்தது. "ஆனா தையல் விட்டா ஊசி வேணும். இதுக்கு ஊசி வேணாம்."

காற்று வெளியே போகாமல் அடக்குகிற மாதிரிப் பின்னால் இறுக்கி, அப்படியே மூத்திரத்தை அடக்குகிற மாதிரி முன்னால் மேலே இழுக்கச் சொன்னது. சரியாகச் செய்கிறேனா என்று பார்ப்பதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று முதலிலேயே விளக்கியது. வேண்டாம் என்றால் வேண்டாம், துணிக்கு மேலே கை வைத்தே பார்க்கலாம், எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்றது. என் உடம்பைப் பற்றி என்னிடம் சம்மதம் கேட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான். துணிக்கு மேலேயே பார்க்கச் சொன்னேன். படுத்துக்கொண்டு, ஜீப்பில் செய்கிற மாதிரி மூச்சைப் பிடித்து இறுக்கினேன்.

"அக்கா, நிறுத்துங்க. நீங்க மேல இழுக்கல. கீழ தள்ளுறீங்க."

எனக்குப் புரியவில்லை.

"சாக்குல காய் ரொப்பும்போது மேலேருந்து அமுக்குவீங்கள்ல? அதத்தான் இப்பச் செய்றீங்க. மூச்சப் பிடிச்சு வயித்த அமுக்குறீங்க. அடித்தையல்தான் இன்னும் விரியும்."

இத்தனை வருஷமும், அத்தனை வளைவிலும், பூட்டுகிறேன் என்று நினைத்து நான் திறந்துகொண்டிருந்திருக்கிறேன். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவள் இதைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுக்கச் சொன்னது. நாலைந்து தடவை தப்பாயிற்று. பிறகு ஒரு தடவை உள்ளே சின்னதாக ஏதோ மேலே ஏறியது. ஈ இறக்கையை மடக்குகிற மாதிரி, அவ்வளவுதான். "அதுதான்" என்றது.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் சொன்னேன். அதற்குத்தான் திட்டு வாங்கினேன். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகும், நாற்றம் அதனால்தான் கூடும், பைக்கும் எரிச்சல் என்றது. வராதபோதே கக்கூசுக்கு ஓடி ஓடி, கொஞ்சம் சேர்ந்தாலே அவசரப்படுகிற மாதிரி நானே அதைப் பழக்கிவிட்டேனாம். கழிப்பறையில் முக்கக் கூடாது. எதையாவது தூக்கும் முன், இருமும் முன், ஒரு நொடி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கிறேனோ அவ்வளவு நேரம் முழுசாகத் தளர விடவும் வேண்டும்.

"மூணு மாசம் ஆகும்க்கா. ஒரு வாரத்துல ஒண்ணும் தெரியலன்னு விட்றாதீங்க. அப்பவும் கேக்கலன்னா டாக்டர்கிட்ட வேற வழி இருக்கு."

நாற்றத்தை மூட நான் என்ன செய்தேன் என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

தினம் மூன்று வேளை செய்தேன். ஒரு வேளையை ஜீப்புக்கு என்று வைத்தேன். வளைவில் மேலே இழுப்பேன். நேர்பாதை வந்ததும் தளர விடுவேன். முதலில் பாதி வளைவுக்குக்கூடப் பிடிக்க முடியாது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒவ்வொரு வளைவுக்கும் கண்ண மூடிச் சாமி கும்புடுறீங்க? என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "ஒன் மேலயும்தான் இல்லப்பா" என்றேன். பக்கத்தில் இருந்தவள் தானும் கும்பிட்டுக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றி அழுதேன். தப்பாகச் செய்கிறேனோ என்று பயந்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை கையுறை போட்டு உள்ளேயே பார்க்கட்டும் என்று சம்மதித்தேன். சரியாகத்தான் வருகிறது, பலம் கூடியிருக்கிறது என்றது. மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள் மிளகாய் வற்றலை வறுக்கும்போது நெடி ஏறி அடுத்தடுத்து ஏழெட்டுத் தும்மல். நின்று பார்த்தேன். துணி காய்ந்திருந்தது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, அடுப்பை அணைக்கிற வரைக்கும். அணைத்துவிட்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டில் மதினி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாளும் என் ஈரத்தைப் பற்றிய வெட்கமே பெரிதாக இருந்ததால் வேறொன்று கண்ணில் படவில்லை. இப்போது பட்டது. மூன்று மாதத்துக்கு மேலாக என் துணி காய்வதற்காக நான் காத்திருக்க, மதினி தினம் சாயங்காலம் டப்பாவைத் தட்டவும் இடுப்பைத் தடவவும் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மதினி முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூத்திரம், துணி, ஏலக்காய், டீ என்று சொன்ன பொய், ஆஸ்பத்திரி. கீரை ஆயும் கை நடுவில் ஒருதடவைகூட நிற்கவில்லை. சொல்லி முடித்ததும் நின்றது.

"நாத்தத்த மூடவா ஏலக்காய முடிஞ்ச?"

"ஆமா மதினி."

"கூறுகெட்டவளே. அந்த ரூமுல எவளுக்குடி மூக்கு வேல செஞ்சுச்சு? பத்து வருசமா ஏலக்காய்க்குள்ள உக்காந்திருக்கோம். எம் புருசன் பீடி நாத்தமே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மதினி சிரிக்கவில்லை.

"துணிய நனச்சதுக்கு ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே தொவச்சுப் போட்டிருப்பேன். ஆனா நான் பொறுப்புன்னு சொன்னேன்ல? என்னையத் தடவிப் பாக்குறாளுக. அது தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேல்ல. அதத்தான் நான் எங்கிட்டுப் போட?"

முறத்திலிருந்து விழுந்த கீரைத் தண்டை எடுத்துத் திரும்ப முறத்தில் போட்டேன்.

"நாளைக்கு மணி அடிக்கிறப்ப குடோன் வாசலுக்கு வா. அந்தக்காகிட்ட ஒன் வாயால சொல்லு."

"எல்லாரும் நிப்பாங்களே மதினி."

"என் டப்பாவயும் எல்லாருக்கும் முன்னாடிதான் தட்டுறாக."

அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் மலைக்குப் போகவில்லை. மணி அடிக்க ஒரு மணி நேரம் முன்பே வாசலுக்குப் போய்விட்டேன். வரிசை வந்தது. மதினியின் முறை வந்தபோது நான் உள்ளே நுழைந்து அக்காவின் பக்கத்தில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரவெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை.

"அக்கா, எனக்கு மூத்திரம் கசியிற வியாதி. வாட தெரியக் கூடாதுன்னுதான் காய முடிஞ்சு வெச்சேன். டீக்கு இல்ல. மதினிக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் வரிசை அமைதியாகிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. அன்றைக்கு டீ கேட்டுச் சிரித்தவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதான" என்றார் அக்கா.

"ஆமாக்கா. எடுத்தது எடுத்ததுதான்."

அவர் மதினியின் பக்கம் திரும்பினார். மதினி வழக்கம்போல டப்பாவைத் திறந்து கவிழ்க்கப் போனார். "மூடு" என்றார் அக்கா. "மூடிட்டுப் போ."

என்னை வேலைக்குத் திரும்ப வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மதினி முன்னால் நடந்தார், நான் பத்தடி பின்னால். தெருவுக்கு வந்ததும் அவர் அப்படியே தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் குழாயடிக்குப் போனேன். மதினி நின்றிருந்தார். குடத்தை நகர்த்தவில்லை. என் குடத்தை அவர் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் மெல்லத்தான் வந்தது. அவர் குழாயையே பார்த்துக்கொண்டு, "இப்பச் சுத்தமா நின்னுருச்சா?" என்று கேட்டார்.

"முக்காவாசி."

"எங்க, இருமு பாப்போம்."

"இங்கயா மதினி?"

"பெறகு? குடோன்ல சொன்னவளுக்குக் குழாயடியில இரும என்ன?"

மூச்சை வெளியே விட்டு, மேலே இழுத்து, இருமினேன்.

"இதெல்லாம் இருமலா? நல்லா இருமு."

அடிவயிற்றிலிருந்து இருமினேன். எதிர்ச்சாரியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மதினியும் இப்போது என்னைப் பார்த்தார்.

"வந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் தானாகப் போனது. அடக்கிக்கொண்டேன்.

"ஒரு சொட்டு" என்றேன்.